பொம்மை ரயில் சொத்தாகுமா?

பொம்மை ரயில் என்றதும் திருவிழாக் கடையில் விற்கும், சாவி கொடுத்தால் வட்டமடிக்கும் தகர ரயில் ஞாபகத்துக்கு வந்தால் அதைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிடுங்கள். இது வேறு ரகம். மின்சாரத்தில் ஓடும், புகை விடும், விசில் அடிக்கும். நிஜ எஞ்சினை அளவெடுத்து 48இல் ஒரு பங்காகவோ 87இல் ஒரு பங்காகவோ சுருக்கிச் செய்த ரயில். ஒரே ஒரு எஞ்சின் ஆயிரம் டாலருக்கு மேல் விற்பதும் உண்டு. அமெரிக்கா, ஜெர்மனி, இங்கிலாந்து மூன்று நாட்டிலும் இதை வாழ்நாள் முழுக்கச் சேர்த்த ஒரு பெரிய கூட்டமே இருக்கிறது. வீட்டின் அடித்தள அறையில் அலமாரி அலமாரியாக அடுக்கி, அட்டைப்பெட்டி கூடக் கசங்காமல் காத்தவர்கள். "எனக்குப் பிறகு இது பிள்ளைகளுக்கு ஒரு சொத்து" என்று மனதார நம்பியவர்கள்.

இப்போது அந்தப் பிள்ளைகள் அதை விற்கப் போகிறார்கள். அப்பா எழுதி வைத்த விலையைச் சொன்னால் கடைக்காரர் உதட்டைப் பிதுக்குகிறார். பாதி கொடுத்தாலே பெரிய விஷயம். பல சரக்குக்குக் கால்வாசிதான். சிலதை "இது வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று திருப்பியே கொடுத்துவிடுகிறார்கள்.

ஏன் இப்படி ஆனது என்று கேட்டால் எல்லோரிடமும் ஒரு ரெடிமேட் பதில் இருக்கிறது. "இந்தக் காலத்துப் பசங்களுக்கு செல்போனும் வீடியோ கேமும் போதும், ரயில் மேல் ஆசை இல்லை." கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் இது பாதி உண்மை கூட இல்லை. விலை இறங்கியதற்குப் பெரிய காரணம் அந்த விலை ஏறிய விதத்திலேயே இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பழைய கதை வேண்டும்.

1900இல் நியூயார்க்கில் ஜோஷுவா லயனல் கோவன் என்ற இளைஞர் ஒரு கம்பெனி தொடங்கினார். தன் நடுப்பெயரையே கம்பெனிக்கு வைத்தார்: லயனல். அவர் முதலில் செய்த மின்சார ரயில் குழந்தைகளுக்கானதே இல்லை. கடையின் கண்ணாடி ஜன்னலில் சுற்றவிட்டு, தெருவில் போகிறவர்களை நிற்கவைக்க ஒரு விளம்பரச் சாதனம், அவ்வளவுதான். நின்றவர்கள் கடையில் இருந்த சரக்கை விட்டுவிட்டு ரயில் என்ன விலை என்று கேட்டார்கள். கோவனுக்குத் தொழில் எது என்று புரிந்துவிட்டது.

இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகுதான் அசல் பொற்காலம். அமெரிக்கா முழுக்கக் கிறிஸ்துமஸ் மரத்தைச் சுற்றி லயனல் ரயில் ஓடியது. விளம்பரங்களில் அப்பாவும் மகனும் தரையில் உட்கார்ந்து ரயில் விடுவார்கள். 1948இல் வெளிவந்த சான்டா ஃபே டீசல் எஞ்சின், சிவப்பும் வெள்ளியுமாக, அந்தத் தலைமுறைப் பையன்களின் கனவு. அதைச் செய்வதற்கான அச்சு செலவில் நிஜ எஞ்சினைத் தயாரித்த ஜெனரல் மோட்டார்ஸும் நிஜ ரயில்வே கம்பெனிகளும் பங்கு போட்டுக்கொண்டன. பொம்மையே ரயில்வேக்கு விளம்பரம் என்பது அன்றைய கணக்கு. 1950களின் முதல் பாதியில் உலகத்தின் மிகப்பெரிய பொம்மைக் கம்பெனி லயனல்தான்.

பிறகு சரிந்தது. டெலிவிஷன் வந்தது, கார் வந்தது, 1956க்குப் பிறகு நாடு முழுக்க நெடுஞ்சாலை வந்தது, ஊர் விட்டு ஊர் போக விமானம் வந்தது. 1959இல் கோவன் தன் பங்குகளை விற்றுவிட்டு ஒதுங்கினார். 1969இல் லயனல் ரயில் செய்யும் உரிமை ஜெனரல் மில்ஸ் என்ற காலை உணவுக் கம்பெனிக்குப் போனது. 1971இல் நிஜப் பயணிகள் ரயில்களையே பெரும்பாலான தனியார் ரயில்வேக்கள் கைவிட, ஆம்ட்ராக் என்ற அமைப்பு அவற்றை ஏற்று நடத்த வேண்டியதாயிற்று.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், பொம்மை ரயில் பொம்மையாகத் தோற்றுப்போன அதே காலத்தில்தான் அது 'சேகரிப்புப் பொருள்' ஆக ஜெயிக்கத் தொடங்கியது. 1954லேயே பென்சில்வேனியாவில் சேகரிப்பாளர்கள் சங்கம் ஒன்று உருவாகிவிட்டது. அதன் கிழக்குப் பிரிவு யார்க் நகரத்தில் ஆண்டுக்கு 2 முறை நடத்தும் சந்தை இந்த உலகத்தின் கும்பமேளா மாதிரி. பொருளின் நிலைக்கு மார்க் போடும் முறையும் வந்தது. தொடாத புதுசு, புதுசு மாதிரி, மிக நன்று, நன்று, சுமார், மோசம் என்று படிப்படியாகத் தரம். அசல் அட்டைப்பெட்டி இருந்தால் தனி விலை. 1970களில் கிரீன்பெர்க் போன்றவர்களின் விலைக் கையேடுகள் அச்சாகி வந்தன. எந்த எஞ்சின், எந்த வருடம், எந்த நிறம், என்ன நிலை, என்ன விலை என்று பஞ்சாங்கம் மாதிரி பார்த்துக்கொள்ளலாம்.

இங்கேதான் முதல் விஷயம். ஒரு பொருளுக்கு அச்சில் விலை வந்துவிட்டால், அதை வைத்திருப்பவர் தன்னைப் பணக்காரராக நினைக்க ஆரம்பித்துவிடுவார். யாரும் வாங்க வர வேண்டியதில்லை. புத்தகத்தில் இருக்கிறதே, அது போதும்!

இப்போது ஒரு சின்னக் கணக்கு. 1946இல் பிறந்த பையனுக்கு 1954இல் 8 வயது. ரயிலுக்கு ஏங்கும் வயது. கிடைத்திருக்கலாம், கிடைக்காமலும் போயிருக்கலாம். அதே பையனுக்கு 1986இல் 40 வயது. கையில் நல்ல சம்பளம், சொந்த வீடு, வீட்டுக்குக் கீழே காலி அறை. சிறுவயதில் கண்ணாடிக்கு அப்பால் பார்த்த ரயிலை இப்போது வாங்க முடியும். அவரைப் போல 1946 முதல் 1964 வரை பிறந்த கோடிக்கணக்கானவர்கள். அதில் ஒரு சின்னப் பங்கு ரயில் பக்கம் திரும்பினாலே போதும், விலை ஏறாமல் என்ன செய்யும்? 1980களிலும் 90களிலும் ஏறியது.

அந்த விலையேற்றத்தைப் பார்த்தவர்கள் 'இது அரிய பொருள், அதனால் ஏறுகிறது' என்று நினைத்தார்கள். உண்மையில் ஏறியது அரிய தன்மை அல்ல. ஒரு தலைமுறையின் ஏக்கமும் சம்பளமும் ஒரே சமயத்தில் உச்சத்துக்கு வந்தன. ஏக்கத்துக்கு வயது உண்டு. அந்த 8 வயதுப் பையனுக்கு 2026இல் 80 வயது. அவர் இனி வாங்கப்போவதில்லை. வீட்டைச் சின்னதாக்கிக்கொண்டு மகள் ஊருக்குப் போகிறார், அல்லது முதியோர் இல்லம் போகிறார், அல்லது போயே சேர்ந்துவிடுகிறார். நேற்று வரை வாங்குகிறவராக இருந்தவர் இன்று விற்கிறவர். அவருடைய நண்பர்களும் அப்படியே. வாங்கும் கூட்டமும் விற்கும் கூட்டமும் ஒரே கூட்டமாக இருந்தால் ஒரு நாள் சந்தையில் எல்லோர் கையிலும் சரக்கு இருக்கும், யார் கையிலும் பணம் இருக்காது. மியூசிக்கல் சேரில் பாட்டு நின்ற மாதிரி.

இது இயற்கை, யாரையும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் இதற்கு மேல் நடந்த ஒரு வேலையைக் குற்றம் சொல்லத்தான் வேண்டும்.

விலை ஏறுவதைக் கம்பெனிகளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தன. விளையாடும் பையனுக்கு விற்பதை விட, சேர்க்கும் அப்பாவுக்கு விற்பது லாபம் என்று கண்டுகொண்டன. 'குறிப்பிட்ட எண்ணிக்கை மட்டும்', 'ஆண்டு நிறைவுப் பதிப்பு', 'சேகரிப்பாளர் தொடர்', கூடவே ஒரு சான்றிதழ். ரயில் மட்டும் இல்லை, அலங்காரத் தட்டு, நினைவு நாணயம், பீனி பேபி என்ற துணி பொம்மை வரை அந்தக் காலத்து அமெரிக்காவில் எல்லாமே இப்படி விற்றது. பீனி பேபியின் மவுசு 1999க்குப் பிறகு சரிந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. ரயிலின் கதை மெதுவாக நடந்ததால் அவ்வளவாக வெளியே தெரியவில்லை.

சேகரிப்பதற்காகவே செய்த பொருள் ஏன் விலை போவதில்லை? 1957இல் லயனல் செய்த ஒரு வேலை இதற்கு அருமையான உதாரணம். பெண் குழந்தைகளையும் வாடிக்கையாளராக்கலாம் என்று இளஞ்சிவப்பு எஞ்சினும் வெளிர் நீலம், வெளிர் மஞ்சள் என்று மிட்டாய் நிறப் பெட்டிகளுமாக ஒரு ரயிலை இறக்கினார்கள். படுதோல்வி. ரயில் பிடித்த பெண் குழந்தைக்கு நிஜ ரயில் மாதிரி கறுப்பு எஞ்சின்தான் வேண்டியிருந்தது. ரயில் பிடிக்காத குழந்தைக்கு எந்த நிறமும் வேண்டாம். யாரும் வாங்காததால் மிகக் குறைவாகவே புழக்கத்துக்கு வந்தது. அதனாலேயே பிற்காலத்தில் சேகரிப்பாளர்கள் அதற்கு அலைந்தார்கள், விலை ஆயிரக்கணக்கான டாலருக்குப் போனது.

அதாவது அசலான அருமை என்பது யாரும் திட்டமிடாமல் வருவது. விற்காமல் போனது, உடைந்தது, குழந்தை தண்ணீரில் போட்டது, அம்மா தூக்கி எறிந்தது... இத்தனையும் போக மிஞ்சுவதுதான் அரிய பொருள். 1990களில் 'சேகரிப்புப் பதிப்பு' என்று வந்ததை யாரும் உடைக்கவில்லை, ஓட்டவில்லை, பெட்டியைக் கூடப் பிரிக்கவில்லை. 5,000 செய்தால் கிட்டத்தட்ட 5,000மும் அப்படியே புதுசாக எங்கேயோ ஒரு அலமாரியில் இருக்கிறது. எல்லோரும் பத்திரமாக வைத்திருக்கும் பொருளுக்கு என்ன அருமை இருக்க முடியும்?

அந்த இளஞ்சிவப்பு ரயிலைக்கூட விட்டுவைக்கவில்லை. 1991இல் லயனல் அதையே மறுபடியும் செய்து விற்றது. 1937இல் 75 டாலருக்கு விற்ற 700ஈ ஹட்சன் எஞ்சின் லயனல் சரித்திரத்தின் மணிமகுடம். அன்றைய 75 டாலர் என்பது 2023 கணக்கில் ஏறக்குறைய 1,600 டாலர். அதற்கும் 1990இல் மறுபதிப்பு வந்தது. மறுபதிப்பில் தப்பே இல்லை. ஆசைப்பட்டவருக்குக் குறைந்த விலையில் கிடைத்தது. ஆனால் பழைய எஞ்சினின் விலையில் ஒரு பகுதி 'வேறு எங்கும் கிடைக்காது' என்பதற்காகக் கொடுத்த விலை. அந்தப் பகுதி அன்றே ஆட்டம் கண்டது.

அடுத்த அடி இன்டர்நெட். 1995இல் ஈபே தொடங்கியது. அதற்கு முன்னால் ஒரு எஞ்சின் வேண்டுமென்றால் சந்தை சந்தையாக அலைய வேண்டும். 5 வருடத்தில் ஒன்றுதான் கண்ணில் பட்டது என்றால் அது அரிதானது என்றுதான் தோன்றும். ஈபே வந்த பிறகு தட்டச்சு செய்தால் அதே எஞ்சின் பத்துப் பதினைந்து வரிசையாக நிற்கிறது. அரிய பொருள் என்று நினைத்ததில் பெரும்பகுதி தேடக் கஷ்டமான பொருள்தான் என்று வெளிச்சமாகிவிட்டது. புத்தகத்தில் போட்ட விலைக்கும் நிஜமாகக் கைமாறிய விலைக்கும் உள்ள தூரமும் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. விலைக் கையேடு வேதம் என்ற நிலை அதோடு போயிற்று.

தொழில்நுட்பமும் சும்மா இருக்கவில்லை. பழைய ரயிலில் தண்டவாளத்துக்குக் கொடுக்கும் மின்சாரத்தைக் கூட்டிக் குறைத்துத்தான் வேகத்தை மாற்ற வேண்டும். ஒரே பாதையில் 2 எஞ்சினைத் தனித்தனி வேகத்தில் ஓட்டுவது தலைவலி. 1980களிலிருந்து வந்த டிஜிட்டல் முறையில் எஞ்சினுக்குள்ளேயே ஒரு சிப் உட்கார்ந்து தனக்கான கட்டளையை மட்டும் கேட்டுக்கொள்ளும். நிஜ எஞ்சின் சத்தம், விளக்கு, புகை எல்லாம் கையிலுள்ள ரிமோட்டில். போதாததற்கு உற்பத்தி சீனாவுக்குப் போன பிறகு, ஒரு எஞ்சினில் கைப்பிடி, ஏணி, குழாய் என்று நுணுக்கங்கள் பழைய பொம்மைகளில் பார்க்கவே முடியாத அளவுக்கு வந்துவிட்டன. ஓட்ட நினைப்பவருக்கு 1975இல் செய்ததை விடப் புதுசுதான் நல்லது. அப்போது பழசை யார் வாங்குவார்? அதைச் சிறுவயதில் பார்த்தவர் மட்டும்தான். சுற்றிச் சுற்றி அதே 80 வயதுக்காரரிடம் வந்து நிற்கிறது.

இதெல்லாம் அமெரிக்கக் கதை மட்டும் இல்லை. ஜெர்மனியின் மெர்க்லின் 1859இல் தொடங்கிய கம்பெனி. 1891 லைப்சிக் சந்தையில் அளவு வரையறுத்த தண்டவாளங்களோடு பொம்மை ரயிலைக் கொண்டுவந்து, ஒன்றோடொன்று சேர்த்து வளர்த்துக்கொண்டே போகும் விளையாட்டாக அதை மாற்றியவர்கள். அந்த மெர்க்லின் தன் 150ஆவது ஆண்டான 2009இல் திவால் மனு கொடுத்தது. 2013இல் சிம்பா டிக்கி என்ற பொம்மைக் குழுமத்தின் குடும்பம் வாங்கிக் காப்பாற்றியது. இங்கிலாந்தில் ஃபிராங்க் ஹார்ன்பி 1920இல் தொடங்கிய ரயில் 1964இல் போட்டிக் கம்பெனியின் கைக்குப் போனது. ஊர்தான் வேறு, பாதை ஒன்றுதான்.

இந்த இடத்தில் சேகரிப்பாளர்கள் ஒரு எதிர்வாதம் வைப்பார்கள். "உச்சத்தில் இருக்கும் பொருள் இன்றும் விலை போகிறதே! போருக்கு முந்தைய மெர்க்லினுக்கு, அபூர்வ நிறத்தில் வந்த லயனலுக்கு ஏலத்தில் போட்டி இருக்கிறதே!" உண்மைதான். மிக அரிதான, மிக நல்ல நிலையில் உள்ள பொருளுக்கு எப்போதும் வாங்குகிறவர் உண்டு. அதை வாங்குவது ஏக்கம் இல்லை, கலைப்பொருள் சந்தை. ஆனால் ஊரில் உள்ள அடித்தள அறைகளில் இருப்பது அது இல்லை. அங்கே இருப்பது லட்சக்கணக்கில் செய்து விற்ற சாதாரண எஞ்சினும் சரக்குப் பெட்டியும். நூறு பேரில் ஒருவர் வைத்திருக்கும் பொக்கிஷத்தைக் காட்டி மற்ற 99 பேரைத் தெம்பூட்டுவது நேர்மை இல்லை.

இன்னொரு வாதம்: "பொறுத்திருந்தால் மறுபடி ஏறும்." இது கொஞ்சம் ஆபத்தான வாதம். தங்க நகையை விற்றால் செய்கூலி சேதாரம் போனாலும் தங்கம் நிற்கும். உருக்கினாலும் விலை உண்டு. பொம்மை ரயிலை உருக்கினால் கொஞ்சம் துத்தநாகமும் பிளாஸ்டிக்கும்தான். அந்தத் துத்தநாகமும் நம்பத் தகுந்தது இல்லை. போருக்கு முன் வார்த்த பல பாகங்களில் ஈயம் போன்ற கலப்படம் சேர்ந்திருந்ததால், காலப்போக்கில் உலோகம் உப்பி, விரிசல் விட்டு, பிஸ்கட் மாதிரி உதிர்கிறது. பெட்டியைத் திறக்காமல் வைத்தாலும் உதிரும். இதோடு விலைவாசியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1990இல் 1,000 டாலருக்கு வாங்கிய எஞ்சின் 2023இல் சுமார் 2,300 டாலருக்கு விற்றால்தான் போட்ட பணம் அப்படியே திரும்பியது என்று அர்த்தம். அதே 1,000 டாலருக்குப் போனால் பாதிக்கு மேல் நஷ்டம். 400க்குப் போனால்? யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன். ரயில் யானை இல்லை.

சரி, பசங்களுக்கு ரயில் மேல் ஆசை போய்விட்டது என்ற ரெடிமேட் பதிலுக்கு என்ன சொல்வது? 2001இல் ஹாம்பர்க் நகரத்தில் பிரவுன் என்ற இரட்டைச் சகோதரர்கள் மினியேச்சர் வுண்டர்லாண்ட் என்று ஒரு கண்காட்சி தொடங்கினார்கள். சின்ன மலை, சின்ன ஊர், சின்ன விமான நிலையம், நடுவே கிலோமீட்டர் கணக்கில் ஓடும் ரயில். ஜெர்மனியில் சுற்றுலாப் பயணிகள் அதிகம் தேடிப்போகும் இடங்களில் அது ஒன்று. டிக்கெட் வாங்கி உள்ளே வரிசையாக நிற்கும் குழந்தைகளிடம் போய் ரயில் ஆசை செத்துவிட்டது என்று சொல்லிப் பாருங்கள். ஆட்ரி என்ற ஆங்கிலப் பாதிரியார் எழுதி, 1945இல் புத்தகமாக வரத் தொடங்கிய ரயில் கதைகளிலிருந்து வந்த தாமஸ் எஞ்சின், 1984இல் டிவிக்கு வந்து இன்றும் 3 வயதுக் குழந்தைகளைக் கட்டிப்போடுகிறது. மரத் தண்டவாளம் இல்லாத பாலர் பள்ளி ஐரோப்பாவில் அபூர்வம்.

ஆக, ஆசை அப்படியே இருக்கிறது. அந்த ஆசை தாத்தாவின் ரயிலைத் தேடிப் போகவில்லை, அவ்வளவுதான். ஏன் போகவில்லை? தாத்தாவின் ரயிலை அந்தக் குழந்தை ஓடிப் பார்த்ததே இல்லை. கண்ணாடி அலமாரியில், "தொடாதே, விலை போய்விடும்" என்ற எச்சரிக்கையோடு பார்த்தது. தொடக்கூடாத பொருள் மேல் குழந்தைக்கு எப்படிப் பாசம் வரும்? பாசம் வராத பொருளை அது வளர்ந்து 40 வயதில் எதற்குத் தேடி வாங்கும்? விலையைக் காப்பாற்றப் பெட்டியை மூடி வைத்தார்கள். அந்த மூடிய பெட்டிதான் அடுத்த தலைமுறை வாடிக்கையாளரை இல்லாமல் செய்தது. இந்த முழுக் கதையிலும் கசப்பான இடம் இதுதான்.

பாடகர் நீல் யங் விஷயம் இதற்கு நேர் எதிர். அவருடைய மகன் பென் மூளை முடக்குவாதத்தோடு பிறந்தவர். மகனால் சுலபமாக ரயிலை இயக்க முடிய வேண்டும் என்றுதான் யங் கட்டுப்பாட்டுக் கருவிகளில் இறங்கினார். அந்த முயற்சி வளர்ந்து லயனலின் ரிமோட் கட்டுப்பாட்டு முறைக்கே வழி செய்தது. 1995இல் லயனல் கம்பெனியிலும் பங்குதாரர் ஆனார். 2017இல் தன் சேகரிப்பில் ஒரு பகுதியை ஏலத்துக்கு விட்டார். என்ன விலை போயிருந்தாலும் அவருக்கு அது நஷ்டமாக இருந்திருக்க முடியாது. வாங்கிய ரயிலின் வேலை முடிந்துவிட்டது. அது மகனோடு ஓடிவிட்டது.

விலை இறங்கியதால் நிஜமாகப் பாதிக்கப்படுவது யார்? சேர்த்தவர் இல்லை. அவர் அனுபவித்துவிட்டுப் போனார். மாட்டிக்கொள்வது மனைவியும் பிள்ளைகளும்தான். ஒரு பக்கம் 600 பெட்டி சரக்கு. இன்னொரு பக்கம் "லட்சக்கணக்கான டாலர் பெறும்" என்று அவர் சொல்லிவிட்டுப் போன வார்த்தை. வீட்டைக் காலி செய்யக் கெடு வேறு. கடைக்காரர் சொல்லும் விலை ஏமாற்று வேலையா நிஜ விலையா என்று தெரியாது. குறைந்த விலைக்கு விற்றால் அப்பாவை அவமானப்படுத்தியதாகக் குற்ற உணர்ச்சி. விற்காமல் வைத்தால் மாதா மாதம் கிடங்கு வாடகை. அண்ணன் தம்பிக்குள், "நீ சும்மா தூக்கிக் கொடுத்துவிட்டாய்" என்று சண்டை. ஒரு பொம்மை கொடுக்க வேண்டிய கஷ்டமா இது?

கடைக்காரரையும் முழுக்கத் திட்டிவிட முடியாது. அவர் ஒரு சேகரிப்பை மொத்தமாக எடுத்தால் அதில் நல்லது பத்து, விற்காதது தொண்ணூறு. அந்தத் தொண்ணூறையும் சுமந்து, சோதித்து, படமெடுத்து, கமிஷன் கட்டி, பார்சல் கட்டி அனுப்ப வேண்டும். கையேட்டு விலையில் பாதிக்கும் குறைவாகக் கேட்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. தப்பு என்று ஒன்று இருந்தால் அது பல வருடம் முன்பே, 'பொம்மை வாங்குங்கள், அது முதலீடு' என்று சொன்னபோது நடந்தது. அதைச் சொன்ன கம்பெனி விற்ற அன்றே தன் லாபத்தை எடுத்துக்கொண்டது. நம்பியவரின் குடும்பத்துக்கு 30 வருடம் கழித்து பில் வருகிறது.

எனவே சேர்த்து வைத்திருப்பவர் உயிரோடு இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலைகள் சில உண்டு. என்னென்ன இருக்கிறது என்று ஒரு பட்டியல் எழுத வேண்டும். அதில் போட வேண்டியது கையேட்டு விலை அல்ல, சமீபத்தில் நிஜமாக விற்ற விலை. எது அரிது, எது சாதாரணம் என்று பிரித்துச் சொல்ல வேண்டும். அது அவருக்கு மட்டுமே தெரிந்த விஷயம், அவரோடு போய்விட்டால் திரும்ப வராது. விற்க வேண்டியதை அவரே விற்றுவிடலாம். யாரிடம் விற்றால் நியாயமான விலை கிடைக்கும் என்று அவரை விடத் தெரிந்தவர் வீட்டில் வேறு யார்? முக்கியமாக, "நான் போன பிறகு கிடைத்த விலைக்குக் கொடுங்கள், எனக்கு வருத்தம் இல்லை" என்று வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். பிள்ளைகளுக்கு அந்த ஒரு வார்த்தை, முழு சேகரிப்பையும் விடப் பெரிய சொத்து.

விலை இறங்கியதில் ஒரு நல்லதும் இருக்கிறது. அதை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. 20 வருடம் முன்பு நல்ல சம்பளக்காரர் மட்டுமே தொட முடிந்த எஞ்சினை இன்று ஒரு கல்லூரி மாணவன் பாக்கெட் மணியில் வாங்கலாம். 1950களில் செய்த லயனல் மோட்டார் பிரித்துச் சுத்தம் செய்து, கார்பன் பிரஷ் மாற்றி, எண்ணெய் விட்டால் இன்றும் ஓடும். உள்ளே சிப் இல்லை, கெட்டுப்போக ஒன்றும் இல்லை. சேகரிப்பாளருக்கு மதிப்பில்லாத கீறல் விழுந்த எஞ்சின், கற்றுக்கொள்ள நினைப்பவனுக்குப் பொக்கிஷம். விலை உயரத்தில் இருந்தவரை பெட்டிக்குள் தூங்கிய ரயில், விலை இறங்கிய பிறகுதான் தண்டவாளத்துக்குத் திரும்புகிறது.

பொம்மை ரயில் சொத்தாகுமா என்றால், ஆகாது. ஆகவும் வேண்டாம். சொத்து வேண்டுமென்பவர் பணத்தை வங்கியில் போடட்டும், நிலம் வாங்கட்டும். ரயில் வாங்குகிறவர் திரும்ப வராத பணம் என்று தெரிந்தே வாங்கி, வாங்கிய அன்றே பெட்டியைப் பிரித்து, பேரனையோ பேத்தியையோ பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டட்டும். கீறல் விழும், ஒரு சக்கரம் போகும், பெட்டி கிழியும். விழட்டும். அந்தக் கீறல் எப்படி விழுந்தது என்று தெரிந்த ஒரு ஆள் 40 வருடம் கழித்து அந்த ரயிலைத் தேடிக்கொண்டு வருவான்.